சைபருக்கு மேலே

நாக்கில் பட்ட ரத்தம் சூடாக இருந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

ரத்தம் சூடாக இருப்பதில் என்ன கோளாறு என்று கேட்கலாம். உடம்புக்குள் இருக்கிறவரை ஒன்றுமில்லை. ஆனால் இந்த ரத்தம் காலையிலேயே ஊசியில் எடுத்தது. உறையாமலிருக்க மருந்து கலந்து, பழைய பெனிசிலின் குப்பியில் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, கடப்பைக்கல் மேடைமேல் மத்தியானம்வரை விறைத்துக் கிடந்தது. ஓசூர்ப் பக்கத்து டிசம்பர்க் குளிரில் எருமையைக் கறந்தால் செம்பில் தயிராகத்தான் விழும் என்பார்கள். அது மிகை. மோராகத்தான் விழும். அப்படிப்பட்ட குளிரில், குப்பியின் கண்ணாடி விரலைக் கடிக்கும்போது, அதிலிருந்து உறிஞ்சிய துளி மட்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போல கிருபாராணியின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

அவள் தொட்டியில் துப்பினாள். ஊதா நிறத்துப் பெர்மாங்கனேட் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள். ரத்தம் வாய்க்குள் போனால் துப்பு, கொப்பளி, என்னிடம் வந்து சொல் என்று பிரகாசம் மாஸ்டர் சட்டம் போட்டிருந்தார். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தாள். மூன்றாவதைச் செய்ய அவளுக்கென்ன பைத்தியமா?

"ஏய் காட்டேரி," என்றாள் பக்கத்து மேடையிலிருந்த ஆரோக்கியசெல்வி. சாமல்பட்டி ஸ்டேஷனுக்கு எதிர்வீட்டில் பிறந்தவள். ரயில் கூவும்போது பேசிப் பழகியதால் அவள் ரகசியம் சொன்னாலும் மூன்று அறைக்குக் கேட்கும். "மத்தியானச் சோறு பத்தலையா?"

"பத்தலடி. உன் கைய நீட்டு."

அது சேலத்திலிருந்து பெங்களூருக்குப் புது ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில், தைலமரத் தோப்புக்குப் பின்னால் இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. அதன் ஓட்டுக்கட்டிடம் ஒன்றின் நெற்றியில் பரிசோதனைக்கூடப் பயிற்சிக் கல்லூரி என்று போர்டு தொங்கியது. உள்ளே போனால் ஏழு பிள்ளைகள், இரண்டு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் ஒன்று, பிரகாசம் மாஸ்டர் ஒருவர். அவ்வளவுதான் கல்லூரி. ரத்தம், சளி, மூத்திரம், மலம். அவ்வளவுதான் பாடம். மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் சன்னலிலிருந்துதான் வர வேண்டும். பனி மூடிவிட்டால் அன்றைக்குக் கிருமிகளுக்கு விடுமுறை. ஒருவரை ஒருவர் குத்திக் குத்தியே ரத்தம் எடுக்கப் பழகியதில் ஏழு பேருக்கும் பத்து விரலிலும் ஊசிப் பொத்தல். அந்தக் காலத்தில் எதையும் குழாயில் ஏற்ற வேண்டுமென்றால் வாயால்தான் உறிஞ்ச வேண்டும். ரப்பர் பலூன் எல்லாம் பின்னால் வந்த சொகுசு.

உறிஞ்சுவதில் கிருபாராணியை மிஞ்ச ஆளில்லை. அவளுடைய அப்பா சவரியப்பன் காவேரிப்பட்டினத்தில் பேண்டு வாத்தியக்காரர், கிளாரினெட். கன்னத்தில் காற்றைச் சேமித்து, அதை ஊதிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுத்துக்கொள்கிற வித்தை தெரிந்தவர். ஒரு சாவு ஊர்வலத்தில் வீட்டு வாசலிலிருந்து கல்லறைவரை இடைவெளியே விடாமல் ஊதிக்கொண்டு போனாராம். செத்தவரே எழுந்து உட்கார்ந்து "போதும்ப்பா" என்றதாக ஊரில் பேச்சு. கிருபாராணி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். எழவில்லை, கையை மட்டும்தான் காட்டினார் என்பாள். அந்த மூச்சு வித்தையைப் பால்பல் விழுந்த வயசிலேயே அவள் அப்பாவிடமிருந்து பிடித்துக்கொண்டாள். குழாயை வாயில் வைத்தாளானால் ரத்தம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நாய்க்குட்டி மாதிரி உட்காரும்.

இன்றைக்கு உட்காரவில்லை. அவள் உறிஞ்சுவதை நிறுத்திய பிறகும் ஏறி வந்தது. இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைய வேலை, ரத்தம் படிகிற வேகத்தைப் பார்ப்பது. முழங்கை நீளத்துக்கு மெல்லிய கண்ணாடிக் குழாய். அதில் வரிசையாகக் கோடுகள், மேல்கோடு சைபர். சைபர்வரை ரத்தத்தை உறிஞ்சி, விரலால் அடைத்து, ஸ்டாண்டில் நட்டுவிட வேண்டும். அடிமுனை ரப்பர் மெத்தையில் அழுந்தி மூடிக்கொள்ளும், மேல்முனை திறந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிவப்பு கீழே இறங்கியிருக்கும், மேலே கஞ்சித் தெளிவு மாதிரி மஞ்சள் தண்ணீர் நிற்கும். எத்தனை கோடு இறங்கியது என்பதுதான் கணக்கு. நோயாளிக்கு மளமளவென்று இறங்கும், நல்ல உடம்புக்காரனுக்கு நிதானமாக இறங்கும். பாவியானாலும் பரிசுத்தவானானாலும் இறங்கும். அது மட்டும் நிச்சயம்.

மணி ஆனதும் அவள் சன்னலோரம் குனிந்து பார்த்தாள். மற்ற ஆறு குழாய்களிலும் சிவப்பு இறங்கியிருந்தது. அவளுடையதில் சைபர் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை. மஞ்சள் தண்ணீரே இல்லை. நாம்தான் கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டோம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோது நாக்கு நுனியில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. ராத்திரிச் சோற்றிலும் இருந்தது.

மறுநாள் காலை, அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரனிடமே புது ரத்தம் எடுக்க ஆண்கள் வார்டுக்குப் போனாள்.

கடைசிக் கட்டில். பெயர்ச் சீட்டும் அப்படித்தான் சொன்னது, கடைசிக் கட்டில் என்று. பெயர் யாருக்கும் தெரியாது. ரயில் பாதைக்காகப் பாறையில் வெடி வைத்து, புகை அடங்கிய பிறகு பார்த்தால் பாறை பிளந்த இடத்தில் படுத்திருந்தானாம். வேலையாட்களில் ஒருத்தன் இல்லை. உடம்பில் கீறல் இல்லை.

"தமிழ்ல கேட்டேன், கன்னடத்துல கேட்டேன், தெலுங்குல கேட்டேன், எனக்குத் தெரிஞ்ச உருதுலயும் கேட்டேன்," என்றான் வார்டு ஆள் திம்மப்பன், சுருட்டிய பெட்ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "வாயே தொறக்கல. எங்க ஊர்ல களுதகூட மூணு பாஷைல கத்தும்மா. இந்தாளுக்கு ஒண்ணுகூடத் தெரியல."

வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் மூடியும் வைத்திருக்கவில்லை. உதடுகளைக் குவித்து வைத்திருந்தான், கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்கிறவன் மாதிரி. கன்னம் மெதுவாக உப்பும். வற்றும். உப்பும். பார்வை கூரையில்.

கிருபாராணி அவன் கையில் பட்டையைக் கட்டி ஊசியை ஏற்றினாள். பிஸ்டனை இழுக்கக் கட்டைவிரலை வைத்தாள். இழுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. பிஸ்டன் தானாகப் பின்னால் வந்து அவள் விரலைத் தள்ளியது.

"திம்மப்பா, பார்த்தியா இத?"

"எதம்மா?" அவன் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தான். "ஆங், சொல்ல மறந்துட்டேன். நேத்து மத்தியானத்துலேருந்து பாட்டு மொனகுறாரு. ஏதோ பாட்டு. நல்லாத்தான் இருக்குது."

அவளுக்கும் கேட்டது. குவிந்த உதட்டுக்குள்ளிருந்து, கொசுவின் ரீங்காரம் அளவுக்கு. முதலில் ஊதக்காற்று சன்னல் சந்தில் நுழைகிற சத்தம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் அது ஏறி, வளைந்து, இறங்கியது. காவேரிப்பட்டினத்தில் கல்லறைப் பாதைக்கென்று அவள் அப்பா தானே கட்டிய மெட்டு. வேறு எந்தக் கோஷ்டியும் வாசிக்காது, ஏனென்றால் கடைசி வரியில் ஒரு சுரம் தப்பு. திருத்தச் சொன்னவர்களிடமெல்லாம் சவரியப்பன், "செத்தவன் சுரம் பார்க்க மாட்டான்" என்று சொல்லிவிடுவார்.

கடைசி வரி வந்தது. அந்தத் தப்புச் சுரம். அதே இடத்தில். அதே தப்பு.

குளிருக்கு முதுகு சிலிர்ப்பது வேறு. இது நாக்கு நுனியிலிருந்து தொடங்கியது. நேற்று மத்தியானம் சூடு பட்ட அதே இடத்திலிருந்து. கிருபாராணி ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, குப்பியை மூடி, அந்த ஆளின் முகத்தருகே குனிந்தாள்.

"அது எங்கப்பா பாட்டு," என்றாள். "கேக்காம எடுக்கக் கூடாது."

கன்னம் உப்பியது. வற்றியது.

திரும்பி வருகிற நடையில் கால்கள் ஓடப் பார்த்தன. அவள் ஓட விடவில்லை. பிடிவாதம் அவளுக்குத் தாய்வழிச் சீதனம்; ஞானஸ்நானத்தன்றே தண்ணீர் தெளித்த ஃபாதரின் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்த குழந்தை என்று பேர் வாங்கியவள். ஆனால் கையிலிருந்த குப்பி நடை முழுக்கச் சூடாக இருந்தது, பையில் கோழிக்குஞ்சைக் கொண்டுபோவது போல.

இந்த முறை உறிஞ்சும்போது கோட்டுக்கு நாலு விரல் கீழேயே நிறுத்திவிட்டாள். மீதித் தூரம் அதுவே ஏறியது. சைபரைத் தொட்டதும் விரலால் அடைத்தாள். "நீயே பாரு, சரியா சைபர்லதானே இருக்குது?" என்று ஆரோக்கியசெல்வியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சரியாக சைபர். ஸ்டாண்டில் நட்டாள்.

மணி ஆனது. சைபருக்கு மேலே கோடுகள் கிடையாது. ஆகவே அளவுகோலை வைத்து அளந்தாள்.

வகுப்பில் எல்லார் ரீடிங்கையும் கரும்பலகையில் எழுத வேண்டும். ஏழு பேர் பெயருக்கு நேரே ஏழு எண். கிருபாராணி தன் பெயருக்கு நேரே சுண்ணாம்புக்கட்டியால் எழுதினாள்: ஏறியது, மூன்று.

பிரகாசம் மாஸ்டர் ராணுவத்தில் ரத்தம் பார்த்துவிட்டு வந்தவர். மீசைக்கு ஒரு தரம், சட்டைக் காலருக்கு ஒரு தரம் என்று தினமும் கஞ்சி போடுவார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பார்க்காத எண்ணை எழுதுகிறவர்களுக்கு அவரிடம் மன்னிப்பில்லை. போன பருவத்தில் அற்புதராஜ் என்ற பையன் சாப்பாட்டு மணி அடித்த அவசரத்தில், பார்க்காமலே பத்து என்று எழுதினான். அன்றைக்கு அவன் குழாயில் ரத்தமே போட்டிருக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் பெட்டியோடு போனான்.

மாஸ்டர் கரும்பலகை முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"ரீடிங் சார்."

"ஏறியதுன்னா?"

"ஏறிச்சு சார்."

"ஏர்றதுக்கு அது என்ன, புளியமரத்துக் கொரங்கா?" வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இறங்கலேன்னா சைபர்னு எழுதும்மா. அதுக்கு மேல ரத்தத்துக்குக் கணக்கு கிடையாது."

"நான் பார்த்தது சைபர் இல்லீங்க சார்."

"நீ பார்த்தது பொய்."

"பார்க்காதத எழுதினாத்தானே சார் பொய்? நீங்கதான் சொன்னீங்க."

சிரிப்பு நின்றது. ஆரோக்கியசெல்வி மேடைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள். கிருபாராணி காலை நகர்த்திக்கொண்டாள்.

"சாயங்காலம் டாக்டரம்மா கிருஷ்ணகிரியிலேருந்து வர்றாங்க," என்றார் மாஸ்டர், குரலை உயர்த்தாமல். "கடைசிக் கட்டில் ஆளுக்கு என்ன வியாதின்னு அவங்க இந்த எண்ணப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். இந்தக் கிறுக்கலக் காட்டி என் மானத்த வாங்கப் போறியா? அவங்க வர்றதுக்குள்ள அது சைபர் ஆகியிருக்கணும். இல்லேன்னா பெட்டியக் கட்டு. பொய் ரீடிங்னு எழுதித்தான் அனுப்புவேன். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் உன்னை வாசல் கூட்டக்கூடச் சேர்த்துக்க மாட்டாங்க."

"அழிக்க மாட்டேன் சார்."

"அப்ப நிரூபி."

"இருந்து பாருங்க. உங்க கண் முன்னாலயே போடறேன்."

சனிக்கிழமை அது. மத்தியானத்துக்கு மேல் மற்ற பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகக் கோவிலுக்குப் போய்விட்டார்கள். தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்மோனியமும், எல்லார் குரலையும் தாண்டி ஆரோக்கியசெல்வியின் குரலும் வந்தன. சன்னலுக்கு வெளியே பனி, தைலமரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே வந்தது. அறைக்குள் ஸ்பிரிட் வாசனை, மைக்ராஸ்கோப்புக்கு விடுகிற தேவதாரு எண்ணெய் வாசனை, கல் மேடையின் ஈர வாசனை. அதற்கெல்லாம் அடியில், மூடியிருந்த குப்பியிலிருந்து, புதிதாகக் காய்ச்சிய பால் போல லேசான ஒரு வாசனை.

"உன் கை வேண்டாம். நானே போடறேன்," என்றார் மாஸ்டர். "தப்பு எங்க இருக்குதுன்னு நீ பார்த்துக்கோ."

"சார், வேண்டாம். அது நிறுத்தினாலும் நிக்காது."

"ஏம்மா, நான் உறிஞ்சின ரத்தத்த வெச்சா மத்திகிரிப் பண்ணைல இருக்கற அத்தனை மாட்டையும் குளிப்பாட்டலாம். எனக்குச் சொல்லித்தர்றியா?"

புதுக் குழாய் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தார். குப்பியில் நுனியைத் தோய்த்து, மீசையை ஒதுக்கி, உதட்டில் வைத்தார். சிவப்பு ஏறியது. பாதி. முக்கால். சைபர். அவருடைய கன்னம் ஓய்ந்ததை அவள் பார்த்தாள். நாக்கால் குழாய் வாயை அடைத்ததையும் பார்த்தாள். முறை தவறாத வேலை.

சிவப்பு நிற்கவில்லை.

சைபரைத் தாண்டியது. கோடில்லாத கண்ணாடியைத் தாண்டியது. உதட்டைத் தொட்டது. அவர் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. தொண்டை அசைந்தது. ஒருமுறை. மறுபடியும். சின்னக் குழந்தை பால் குடிக்கிற சத்தம். குப்பியில் இருந்தது இரண்டு ஸ்பூன் ரத்தம். ஆனால் தொண்டை அசைந்துகொண்டே இருந்தது, குப்பியும் குறையாமல் இருந்தது. கோவிலில் ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு ஆரம்பித்தது.

"சார்! துப்புங்க சார்!"

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். சுவரை இழுப்பது மாதிரி இருந்தது.

பிறகு அவரே வாயை எடுத்தார். குழாயைச் சரியாக சைபரில் நிறுத்தி, விரலால் அடைத்து, ஸ்டாண்டில் நட்டு, ரப்பரில் அழுந்தியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். கைக்கு இன்னும் வேலை நினைவிருந்தது. கைக்குட்டையை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார். ஸ்டூலில் போய் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்து.

"மாஸ்டர்?"

அவள் சுற்றிப் போய் முகத்தைப் பார்த்தாள்.

உதடு குவிந்திருந்தது. கன்னம் உப்பியது. வற்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு திம்மப்பன் வந்தான். குளிரிலும் அவன் நெற்றியில் வேர்வை.

"அம்மா, கடைசிக் கட்டில் ஆளு பேசறாரு! தமிழ்! சுத்தமான தமிழ்! எழுந்து உக்காந்துட்டாரு." அப்போதுதான் ஸ்டூலிலிருந்தவரைப் பார்த்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. குரலை இறக்கினான். "நம்ம மாஸ்டர் கொரல்லயே பேசறாரும்மா. மிமிக்கிரி மாதிரி. சைபர்னு எழுதும்மா, சைபர்னு எழுதும்மா... அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. மாஸ்டர், நீங்க வந்து ஒருவாட்டி..."

மாஸ்டர் திரும்பவில்லை.

கிருபாராணி மேடையைப் பிடித்துக்கொண்டாள். நம் நாக்கில் பட்ட ஒரு துளிக்கே அப்பாவின் பாட்டு அவனிடம் போய்விட்டது. இவர் எவ்வளவு குடித்தார்? ஸ்டாண்டைப் பார்த்தாள். சைபருக்கு மேலே சிவப்பு நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில்.

"திம்மப்பா, ஓடு. டாக்டரம்மா ஜீப்பு வந்துச்சான்னு பாரு. வந்ததும் அவங்கள நேரா இங்க கூட்டிட்டு வா. வேற எங்கயும் போக விடாத. இந்தக் கொழாய அவங்க கண்ணால பார்க்கணும்."

"மாஸ்டருக்கு என்னம்மா?"

"அதையும் பார்க்கட்டும். ஓடு."

அவன் ஓடினான். வெளியே பனியில் அவன் செருப்புச் சத்தம் சீக்கிரமே கரைந்துபோனது.

குழாயை உருவித் தரையில் அடித்துவிடலாம். அந்த யோசனை வராமல் இல்லை. அடித்தால் மிஞ்சுவது உடைந்த கண்ணாடியும் சிவப்புத் தரையும், கவனமில்லாத பெண் என்ற பேரும். கரும்பலகையில் அவள் எழுதியது பொய்யாகிவிடும். அழித்தது மாதிரிதான். மேலும், தரையில் விழுந்தால் அது எந்தப் பக்கம் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?

பஞ்சை உருட்டிக் குழாய் வாயில் திணித்தாள். பஞ்சு சிவந்தது. மெல்ல மேலெழும்பி, வழுக்கி, மேடையில் விழுந்தது.

கட்டைவிரலால் அடைத்தாள். ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் விரலுக்கு அடியில் ஏதோ துழாவியது. மென்மையாக. சூடாக. நாக்கு மாதிரி. விரலில் இருந்த ஊசிப் பொத்தல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. நேற்றுக் குத்திய பொத்தலைக் கண்டுபிடித்தது. அங்கே நின்றது.

அவள் கையை உதறி இழுத்தாள். மற்ற விரல்களைப் பார்த்தாள். பத்திலும் பொத்தல்.

சிவப்பு குழாயின் விளிம்பில் குமிழாக எழுந்தது. கீழே வழியவில்லை. அவள் முகம் இருந்த பக்கம் சாய்ந்தது.

"அப்படியா?" என்றாள் கிருபாராணி.

குனிந்து, உதட்டை வைத்து, ஊதினாள்.

குமிழ் உடைந்து உள்ளே போனது. சிவப்பு இறங்கியது. ஒரு விரல். இரண்டு விரல். அவள் ஊதினாள். சைபர் கோட்டுக்கு வந்தது. அங்கே நின்று தள்ளியது. அவளும் தள்ளினாள். கன்னத்தில் காற்றைச் சேமித்து, மூக்கால் இழுத்து, விடாமல். விடாமல். இறங்கிக்கொண்டே போகவும் இல்லை, ஏறவும் இல்லை. அந்தப் பக்கம் ஊதுகிறவனுக்கும் மூச்சு பலமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சவரியப்பன் மகளோடு மோதியிருக்கிறான். கல்லறைவரை ஊதுகிற வம்சம் இது. டாக்டரம்மா வருகிறவரை ஊத முடியாதா?

கோவிலில் பாட்டு நின்றது. ஆர்மோனியம் மட்டும் கொஞ்சம் இழுத்தது. அதுவும் நின்றது.

வார்டிலிருந்து குரல் வந்தது. இரண்டு சுவரையும் ஒரு நடையையும் தாண்டி, மாஸ்டரின் குரல்.

"ஏம்மா கிருபா, ஊதறத நிறுத்தும்மா."

ஊதினாள்.

"சைபர்னு எழுதிட்டா எல்லாம் சரியாப் போயிடும்மா."

மூக்கால் இழுத்தாள். ஊதினாள். கண் ஓரத்தில் கரும்பலகை தெரிந்தது, சுண்ணாம்பு எழுத்துகளும். ஏறியது, மூன்று. கண்ணில் தண்ணீர் வந்து எழுத்து கலங்கியது. சிமிட்டித் தெளிய வைத்தாள்.

குரல் நின்றது. அதற்குப் பதில் அப்பாவின் பாட்டு வந்தது. முணுமுணுப்பு இல்லை இப்போது. வாய் நிறைய. கடைசி வரியில் தப்புச் சுரத்தைத் திருத்திப் பாடினான்.

அதற்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்னும் பலமாக ஊதினாள். சிவப்பு சைபருக்குக் கீழே இறங்கியது. முதல் தடவையாக. ஒரு கோடு. பாட்டு பாதியில் விக்கியது.

உதட்டிலிருந்த கண்ணாடி விளிம்பு சூடேறியிருந்தது. வழவழப்பாக. மெத்தென்று. அவள் வாயை எடுக்கப் பார்த்தாள், ஒரே ஒரு நொடி, சரிபார்க்க. வரவில்லை. அது இப்போது கண்ணாடி இல்லை. உதடு.

ஜீப்பு.

தோப்பு வழியாக, பனிக்குள், ஜீப்பின் உறுமல். நின்றது. கதவு அடித்தது. "இந்தப் பக்கம் அம்மா, லேபுக்கு," என்று திம்மப்பன். டாக்டரம்மாவின் பூட்ஸ் நடையின் சிமெண்டில். டக். டக். கிருபாராணி கண்ணைக் கோட்டிலேயே வைத்திருந்தாள். வரட்டும். வந்து பார்க்கட்டும். நான் பொய் சொல்லவில்லை.

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

யாரோ எழுந்தார்கள்.

ஸ்பிரிட் வாசனை. தேவதாரு எண்ணெய். கஞ்சி போட்ட காலர் காதோரம் உரசியது. அவள் திரும்ப முடியாது. ஊதினாள். கைகள் பின்னாலிருந்து நிதானமாக வந்தன. மெல்லிய கண்ணாடிச் சில்லை விரல்தடம் படாமல் எடுக்கப் பழகிய கைகள். இரண்டு விரல். குளிர்ந்த விரல்.

அவள் மூக்கைப் பிடித்து மூடின.

டக். டக். கதவுக்கு வெளியே.

சிவப்பு சைபருக்கு ஒரு கோடு கீழே நின்றது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. கன்னத்தில் இன்னும் கொஞ்சம் காற்று இருந்தது.